மாயாண்டி கொண்டுவந்த தண்ணீர்

நோர்வேயிலிருந்து வந்த கடிதத்தில் ஒரே ஓர் இடம்தான் என்று எழுதியிருந்தார்கள். கிளிநொச்சியில் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்களை நேரில் வந்து பார்ப்பார்கள். ஒருத்தியை மூன்று வருட ஆராய்ச்சிக்கு அழைத்துப் போவார்கள். ஒருத்தி என் இளைய மகள் கஜனி. மற்றவள் மாயாண்டியின் மகள் சுரேகா.

கஜனி கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தேன். சுரேகாவின் பெயர் மேலே இருந்தது.

“ஏன் அவளின்ர பேர் மேல கிடக்கு?”

“அவள் முதல் விண்ணப்பிச்சவள் அப்பா. அவ்வளவுதான்.”

“நீ ஏன் பிந்தினனி?”

“அந்தக் கிழமை உங்களைத்தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனனான்,” என்றாள். குசினிக்குள்ளிருந்து என் மனைவி விமலேஸ்வரி சிரித்தது எனக்குக் கேட்டது.

எங்கள் வீட்டைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் அரசாங்கம் காணி கொடுத்த காலத்தில் என் தகப்பனார் கரவெட்டியிலிருந்து வந்து, காடு வெட்டி, வயலாக்கியவர். ஒட்டுசுட்டானில் இறங்கி யோகலிங்கம் வீடு எது என்று கேட்டால் பஸ் கொண்டக்டரே கை காட்டுவார். ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குப் பதினொரு வருடமாக நான்தான் தலைவர். மாயாண்டி எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் உரப்பையோடு வந்தான். தகப்பனார் வேலை கொடுத்தார். வயல் முடிவில் கொட்டில் போட இடமும் காட்டினார். நல்ல வேலைக்காரன். நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாக வேலிப் படலையடியில் நின்று “ஐயா” என்று கூப்பிடுவான், வீட்டுக்குள் வந்ததில்லை. வராதே என்று எவரும் சொன்னதுமில்லை. அவர்கள் வீட்டில் நாங்கள் தண்ணீர் குடித்ததில்லை. குடிக்காதே என்றும் எவரும் சொன்னதில்லை. ஊரில் சில காரியங்கள் அப்படித்தான் நடந்தன.

எல்லாம் ஒழுங்காகவே இருந்தது, அவனுக்கு அந்தப் பிள்ளை பிறக்கும்வரை.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் கஜனிக்கு நூற்று ஐம்பத்தெட்டு. சுரேகாவுக்கு நூற்று அறுபத்தொன்று. மாயாண்டி கற்கண்டு கொண்டுவந்து தந்தான். வாங்கி வைத்தேன், வாயில் போடவில்லை. உயர்தரத்திலும் அவள் ஒரு படி மேலே. பல்கலைக்கழகத்தில் இரண்டு பேருக்கும் முதல் வகுப்பு வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டேன். வந்தவர்கள் வயிறாறச் சாப்பிட்டுவிட்டு, “மாயாண்டியின்ர பிள்ளையும் எடுத்திருக்காம், அந்தக் கொட்டிலுக்குள்ள இருந்துகொண்டு” என்று கதைத்தபடி போனார்கள். அவர்கள் கையில் என் சோறு இன்னும் காய்ந்திருக்கவில்லை.

அவர்கள் இருவரும் செய்யும் ஆராய்ச்சி எனக்கு நன்றாக விளங்கும். எனக்குச் சீனி வருத்தம். இருபது வருடமாகத் தினமும் இரண்டு வேளை வயிற்றில் இன்சுலின் ஊசி போடுகிறேன். இன்சுலினைச் சுரக்கும் உயிர்க்கலங்களை ஜெலி போன்ற ஒன்றுக்குள் முத்து முத்தாக அடைத்து உடம்புக்குள் வைத்துவிட்டால் ஊசி வேண்டியதில்லை என்பதுதான் அவர்களுடைய எண்ணம். இரத்தத்தில் சீனி கூடும்போது அந்தக் கலங்கள் தாமாகவே மருந்தை வெளிவிடும். அந்நியக் கலம் என்று கண்டால் எங்கள் உடம்பின் காவல் கலங்கள் கொன்றுவிடும். அதற்காகத்தான் அந்த ஜெலி உறை. சீனி உள்ளே போகும், மருந்து வெளியே வரும், காவல் கலம் மட்டும் உள்ளே நுழைய முடியாது. கடற்பாசியிலிருந்து எடுத்த ஒரு மாவைத் தண்ணீரில் கரைத்து, கலங்களை அதனோடு கலந்து, கல்சியம் கலந்த தண்ணீருக்குள் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். விழுந்த சொட்டு அந்தக் கணமே இறுகி முத்தாகும். மருந்துக்கடைக்கு வர இன்னும் எத்தனை வருடம் செல்லுமோ தெரியாது. பல நாடுகளில் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவையும் கஜனி எனக்குப் படம் கீறி ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினாள். பெருமையோடு அடுத்த நாள் சங்கக்கடைக்குப் போனேன், நாலு பேருக்குச் சொல்லலாம் என்று. அங்கே மாயாண்டி ஏற்கெனவே சொல்லிக்கொண்டு நின்றான்.

“நம்ம யானை வேலி மாதிரிதாங்க. கோழி போகும், ஆட்டுக்குட்டி போகும், யானை போவாது. உள்ள பயிரு பத்திரமா இருக்கும். அம்புட்டுத்தான்.”

எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஓய்வுபெற்ற வாத்தியார் பரமலிங்கம் அவன் தோளில் தட்டி, “டேய், கிளிநொச்சிக்கு உன்னை அனுப்பியிருக்க வேணும்!” என்று சிரித்தார். நான் தேயிலை வாங்கப் போனவன். வாங்காமலே திரும்பி வந்தேன்.

நோர்வேக்காரர் புதன்கிழமை காலை வருவதாக இருந்தது. தங்கள் முன்னாலேயே இருவரும் முத்துச் சொட்டிக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அன்றைக்கு இன்சுலின் கலத்துக்குப் பதிலாக அப்பத்துக்குப் போடும் ஈஸ்ற். அதுவும் உயிருள்ளதுதான், முத்துக்குள் உயிரோடு இருந்தால் சீனித் தண்ணீரில் குமிழி விடும். கடற்பாசி மாவை முதல் நாளே கரைத்து ஆறவைக்க வேண்டும். முதல் நாள் செவ்வாய் பௌர்ணமிப் போயா விடுமுறை, ஆய்வுகூடம் பூட்டு. ஆகவே வீட்டிலிருந்து கரைத்துக்கொண்டு வாருங்கள் என்று அவர்களுடைய பேராசிரியர் இருவருக்கும் ஒவ்வொரு சிறிய பைக்கற் மா நிறுத்துக் கொடுத்திருந்தார். அதற்கு மேல் ஒரு கரண்டி மாவும் கொழும்புக்கு இந்தப் பக்கம் கிடைக்காது.

கரைக்கிற தண்ணீர், பற்றரிக்கு விடுகிற, காய்ச்சி வடித்த தண்ணீராக இருக்க வேண்டுமாம். சுரேகா சனிக்கிழமை வவுனியாவுக்குப் போய் ஒரு பெரிய பிளாஸ்ரிக் கலன் நிறைய வாங்கி, கஜனி கேளாமலே பாதியை அவளுக்கென்று வேறொரு கலனில் பிரித்து வைத்திருக்கிறாள். ஞாயிறு காலை மாயாண்டி அதைக் கொண்டுவந்து படலையடியில் நின்றான். கஜனியும் தாயும் கோயிலுக்குப் போயிருந்தார்கள்.

“ஐயா! பாப்பாவுக்குத் தண்ணி கொண்டாந்திருக்கேன்.” கஜனிக்கு இருபத்தொன்பது வயது. அவனுக்கு இன்னும் பாப்பா.

“எங்கட வீட்டில தண்ணியில்லை எண்டு ஆர் சொன்னது?”

“அய்யய்யோ, குடிக்கிற தண்ணி இல்லீங்க. ஆராய்ச்சித் தண்ணி. சுரேகா வாங்கியாந்துச்சு. அழகம்மா கேனைக் கழுவி ஊத்திக் குடுத்தா.”

“வைச்சிட்டுப் போ.”

“ஒரு தூசி விழப்படாதாம். மூடியைத் தெறக்காதீங்கன்னு சொல்லச் சொல்லுச்சு.”

எனக்கே உத்தரவு. அவன் போன பிறகு கலனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயில் அவன் மனைவி அழகம்மா ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தாள், கோயில் குடத்துக்குக் கட்டுவதுபோல. என் மகள் வெல்வது அந்த வீட்டுத் தண்ணீரிலா? கஜனிக்கு இடம் கிடைத்தாலும் நாளைக்குச் சங்கக்கடையில் என்ன சொல்வான்? “நாங்க குடுத்த தண்ணியில செஞ்சதுங்க” என்பான். பரமலிங்கம் தோளில் தட்டுவார்.

கலனைத் தூக்கிக்கொண்டு போய் வாழையடியில் ஊற்றினேன்.

பிறகு எங்கள் கிணற்றில் அள்ளினேன். தகப்பனார் கல் உடைத்து வெட்டிய கிணறு அது. இந்த ஊரில் அதற்கு நிகரான தண்ணீர் இல்லை. ருசியுள்ள, கனத்த தண்ணீர். கேத்திலில் வெள்ளையாகப் படியும். அது தண்ணீரின் சத்து என்று தகப்பனார் சொல்லுவார். தோய்த்த வேட்டியை நாலாக மடித்து வடித்து, கலனை நிரப்பி, அழகம்மாவின் துணியை முன்பு இருந்தபடியே கட்டினேன். எங்கள் பழக்கத்தைக் காத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. அது எனக்குத் தெரியும்.

செவ்வாய் காலை கஜனி குசினி மேசையைச் சுடுதண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்கினாள். ஒன்பது மணிக்குக் கட்டி விழுந்தது. பத்து மணிக்குப் பார்த்தேன்: ஊறிய சவ்வரிசி போலவும் கிழிந்த பாலாடை போலவும் ஏதோ மிதந்தது. கரண்டியால் நசித்தாள், வடியால் வடித்தாள். மா முழுவதும் போய்விட்டது. கரைசல் ஆகவில்லை.

“தண்ணியிலதான் பிழை,” என்றாள். கலனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “வேணுமெண்டு தந்திருக்கிறாள்.”

“ஆரடி?” என்றாள் விமலேஸ்வரி.

“சுரேகாதான். வேற ஆர்?”

“வாய்க்கு வந்தபடி கதையாதை. சின்னனில இருந்து உன்னோட திரிஞ்ச பிள்ளை.”

“பின்னை என்னம்மா? நான் கேட்டனானோ தண்ணி? தானாக் கொண்டந்து தர அவளுக்கென்ன விசரோ? இருக்கிறது ஒரு இடம். எனக்குக் குழம்பினா அது ஆருக்குப் போகும்?”

நான் கதிரையில் பத்திரிகையோடு இருந்தேன். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. திறக்காதது மட்டும் என்றால் பயம் என்று சொல்லித் தப்பலாம். இத்தனை வருடமும் “சுரேகா, சுரேகா” என்று அவளோடேயே ஒட்டித் திரிந்த என் பிள்ளை, முதல் தடவையாக அவளைப் பற்றி என்னைப் போல நினைத்தாள். அது எனக்கு இனித்தது.

“பேராசிரியருக்குச் சொல்லப்போறன்,” என்று கஜனி போனை எடுத்தாள். “நாளைக்கு அவை வர முதல் தெரியவேணும்.”

அந்த ஒரு அழைப்போடு சுரேகாவின் பெயர் தாளிலிருந்து போய்விடும். அதன் பிறகு அந்த ஆய்வுகூடத்தில் அவளை ஒருவரும் நம்பவும் மாட்டார்கள். எனக்கு அது தெரியும். பத்திரிகையின் அதே வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விமலேஸ்வரி போனைப் பறித்தாள். “முதல் அவளிட்டைக் கேள். அதுக்குப் பிறகு ஊருக்குச் சொல்லு.”

கஜனி சுரேகாவை அழைத்து, எடுத்த எடுப்பில், “நீ என்ன தண்ணியடி தந்தனி?” என்று கேட்டாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. இருபது நிமிடத்தில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சுரேகா ஓட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் மாயாண்டி ஒரு பெரிய போத்தலைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டிருந்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவரையும் கேளாமல் நேரே குசினிக்குள் போனாள். மாயாண்டி வீட்டைச் சுற்றி வந்து குசினியின் பின்கதவடியில் நின்றான். நானும் எழுந்து போனேன்.

சுரேகா கட்டியை விரலால் தொட்டுப் பார்த்தாள். கலனை மணந்து பார்த்தாள். “அன்ரி, ரெண்டு கிளாசும் கொஞ்சம் சவுக்காரமும் தாங்கோ.”

ஒரு கிளாசில் கலனிலிருந்த தண்ணீர். மற்றதில், தான் கொண்டுவந்த சிறிய போத்தலிலிருந்த தண்ணீர். இரண்டிலும் சவர்க்காரத்தைச் சுரண்டிப் போட்டுக் கையால் மூடிக் குலுக்கினாள். அவளுடையது நுரைத்துப் பொங்கியது. கலன் தண்ணீரில் நுரையே இல்லை. மேலே அழுக்குப் போல ஒரு திரை மட்டும் படிந்தது.

“இது கிணத்துத் தண்ணியடி,” என்றாள் கஜனியைப் பார்த்து. “கல்சியம் நிறையக் கிடக்கு. முத்து இறுகிறதுக்கு நாங்கள் விடுறதும் அதுதானே? உன்ர மா கரைய முதலே இறுகிப்போச்சு.”

“நீ தந்த கலனுக்குள்ள கிணத்துத் தண்ணி எப்பிடி வந்தது?”

சுரேகா தலையை நிமிர்த்தினாள். கஜனியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். வேட்டியை நாலாக மடித்து வடித்ததையும் அவள் கண்டிருப்பாள் போல எனக்கிருந்தது. பிறகு கட்டி மிதந்த பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“எங்கட அம்மா கலனைக் கழுவேக்க கிணத்துத் தண்ணி நிண்டிருக்கும். அவாவுக்கு இதுகள் தெரியாது. என்ர பிழைதான், நான் நிண்டு பாத்திருக்க வேணும்.”

“ஏ புள்ள, ஆத்தா எங்க...” என்று மாயாண்டி தொடங்கினான். “நீதான பக்கத்துல நின்டு, கடைத் தண்ணியிலயே கழுவச் சொல்லி...”

“அப்பா.”

அவள் உரத்துச் சொல்லவில்லை. மாயாண்டி அவளைப் பார்த்தான், கலனைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். அழகம்மா குற்றவாளியாகிவிட்டாள். அவள் புருஷன் என் முகத்துக்காக அதை விழுங்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தான்.

நான் நல்லவனாகிப் பேசினேன் என்று எவரும் எண்ண வேண்டாம். பரீட்சையில் மூன்று புள்ளி கூட எடுத்தார்கள், பொறுத்தேன். என் விருந்தில் வைத்து அவர்களைப் புகழ்ந்தார்கள், பொறுத்தேன். இப்போது என் மானத்தையும் அவர்களே தங்கள் முந்தானையில் முடிந்து காப்பதென்றால், அதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. யோகலிங்கம் வீட்டு மானத்தை யோகலிங்கம்தான் காப்பான், இல்லையென்றால் அவனே கெடுப்பான்.

“அழகம்மா சரியாத்தான் கழுவினவா,” என்றேன். “நான்தான் அந்தத் தண்ணியை வாழைக்கு ஊத்திப்போட்டு, எங்கட கிணத்துத் தண்ணியை விட்டனான்.”

அடுப்பில் சோறு கொதித்தது.

“ஏனப்பா?” என்றாள் கஜனி.

“அவையின்ர வீட்டில இருந்து வந்த தண்ணி எண்டு.”

சொன்ன பிறகுதான் மாயாண்டி மூன்று அடி தூரத்தில் நிற்பது எனக்கு உறைத்தது. அவன் கோபிக்கவில்லை. பிழை செய்தவன் போல அவசரமாக விளங்கப்படுத்தினான்: “அது வவுனியாக் கடைத் தண்ணிங்கய்யா. எங்க வீட்டுத் தண்ணி இல்லீங்க. அப்புடின்னா நான் கொண்டாருவனாங்க?”

விமலேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். கஜனி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை.

“நான் உன்னைத்தான்...” என்று சுரேகாவிடம் தொடங்கினாள்.

“தெரியும். போனிலயே விளங்கினது. விடு, நேரம் போகுது.” சுரேகா தகப்பனிடமிருந்து பெரிய போத்தலை வாங்கினாள். “காலமை நாலு மணிக்குக் கரைச்சது. பாதியை நீ எடு.”

“உனக்குக் காணாதே.”

“காணும். ஆளுக்கு முப்பது முத்துக் குறையும். அவங்கள் என்ன எண்ணிக்கொண்டோ இருக்கப்போறாங்கள்?”

“சொட்டிப் பாக்கவேணும், ஒருக்காவெண்டாலும்.”

“வா எங்கட வீட்டை. எல்லாம் அடுக்கி வைச்சபடி கிடக்கு.”

“இஞ்சையே செய்யலாமே,” என்றேன் நான். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

“வேண்டாம் அப்பா,” என்றாள் கஜனி. அவ்வளவுதான். மூன்று பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போனார்கள். நடுவில் என் மகள். சேற்றுப் பள்ளத்தில் வண்டி துள்ளியபோது மூன்று பேரும் சிரித்த சத்தம் படலைவரை வந்தது. அந்தச் சிரிப்பை என் வீட்டில் நான் கேட்டு எத்தனை நாள் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

புதன்கிழமை பின்னேரம் கஜனி திரும்பி வந்தாள். பையை வைத்தாள், முகம் கழுவினாள். நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

“சுரேகாவுக்குக் கிடைச்சிருக்கு.”

“என்னாலதான்.”

“இல்லை.”

“பாதிக் கரைசல்...”

“இல்லையப்பா. ரெண்டு பேரின்ர முத்தும் ஒரே மாதிரி வந்தது. ரெண்டும் வடிவாக் குமிழி விட்டது. என்ர கரைசல் ஆர் தந்தது எண்டும் நான் முதலே சொல்லிப்போட்டன். அதுக்கு ஒரு புள்ளியும் குறைக்கேல்லையாம். அவள் என்னைவிட நல்லாச் சொன்னாள், அவ்வளவுதான்.”

அவளுக்குத் தெரியாது, அவள் என்னிடமிருந்து கடைசி ஆறுதலையும் எடுத்துவிட்டாள் என்று. என் பிழையால் போனதென்றால் என் மகள்தான் திறமானவள் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

“என்ன சொன்னாள் அப்பிடி?”

“இந்த வேலையில உங்களுக்குப் பெரிய கஷ்டமாப் படுறது எது எண்டு கேட்டவை. நான் உறையின்ர துவாரத்தைப் பற்றிச் சொன்னனான். புத்தகத்தில இருக்கிறதுதான். அவள் சொன்னாள், முத்து வெளியில வடிவா, உருண்டையா, அப்பிடியே இருக்கும், உள்ளுக்குள்ள கலம் செத்திருக்கும். நோயாளிக்கு அது தெரியாது, தனக்கு மருந்து ஊறுது எண்டு நம்பிக்கொண்டிருப்பார். வெட்டிப் பாக்காமல் அதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது எண்டுதான் தனக்குப் பயம் எண்டு. வந்தவையில ஒரு பொம்பிளை உடனே பேனையை எடுத்து எழுதினவா.”

இருபது வருடம் ஊசி போடுகிறவன் நான். எனக்குக்கூட அந்தக் கேள்வி தோன்றவில்லை.

“நல்ல பதில்,” என்றேன்.

கஜனி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த வீட்டைப் பற்றி என் வாயில் அவள் கேட்ட முதல் நல்ல சொல் அதுதான். தேர்ந்தெடுக்கிற கதிரையில் நான் இருந்திருந்தாலும் அந்த இடத்தைச் சுரேகாவுக்குத்தான் கொடுத்திருப்பேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நெஞ்சுக்குள் எரிந்தது, இப்போதும் எரிகிறது.

இருந்தாலும் ஒரு முறை இருக்கிறது. ஊரில் ஒரு பிள்ளை இப்படி வந்தால் கமக்காரர் அமைப்பின் தலைவர் போய் ஒரு சொல் சொல்ல வேண்டும். போகாவிட்டால், யோகலிங்கத்துக்கு வயிற்றெரிச்சல் என்று கதைப்பார்கள். நல்ல வேட்டியை உடுத்து, சால்வையைப் போட்டு, சைக்கிளை எடுத்தேன்.

மாயாண்டி வீட்டுக்குப் போகும் வாய்க்கால் பாதையில் ஏறியதும் கண்டேன்: முன்னால், நூற்றைம்பது அடி தூரத்தில், பரமலிங்கம் வாத்தியார் தன் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். கைப்பிடியில் ஒரு வாழைப்பழச் சீப்புத் தொங்கியது. அவர் எங்கே போகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எழும்பி நின்று மிதித்தேன். மதகடியில் அவரைப் பிடித்தேன்.

“என்ன தலைவர், இந்த ஓட்டம்?”

“எங்கட பிள்ளைக்கு நோர்வே கிடைச்சிருக்கு.”

“ஆருக்கு, கஜனிக்கோ?” அவர் குரலில் ஒரு குழப்பம். “மாயாண்டியின்ர பெட்டைக்கெண்டெல்லோ கேள்விப்பட்டனான்?”

அவருக்குப் பதில் சொல்ல நின்றால் அவர் முந்திவிடுவார். மிதித்தேன்.